நான்காவது முத்திரை

அந்த ஏழு மாதத்தில் எனக்கு நான்கு கிலோ எடை கூடியது. தினமும் இரண்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டால் யாருக்குத்தான் கூடாது?

பதினொன்றரை மணிக்குத் தலைவர் யோம் அவர்களோடு ஒரு சாப்பாடு. பன்னிரண்டரை மணிக்குத் தலைவர் ரியூ அவர்களோடு இன்னொன்று. முதல் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யோம் அடுத்தவர் கிண்ணத்தைப் பார்த்தபடி சாப்பிடுகிறவர். "என்ன நம்குங், அடுத்த பந்திக்கு வயித்துல இடம் வைக்கிறியா?" என்பார். சொல்லிக்கொண்டே தன் சூப்பிலிருந்து ஓர் இறைச்சித் துண்டை எடுத்து என் சூப்பில் போடுவார். மறுக்க முடியாது. ரியூ மேடம் வேறு ரகம். நான் நூடுல்ஸை அளைந்துகொண்டிருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மேல்மாடியில இன்னிக்கு என்ன மெனு?" என்று மட்டும் கேட்பார்.

எங்கள் ஊரில் ஓர் அதிகாரி மதியம் யாரோடு சாப்பிடுகிறானோ அவன் அவருடைய ஆள். நான் இருவருடைய ஆளாகவும் இருக்க வேண்டியிருந்தது. அதனால் இரண்டு முறை சாப்பிட்டேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். என் பெயர் நம்குங் சிக். வயது ஐம்பத்திரண்டு. உன்சொங் மாகாணக் குடிநீர் வாரியத்தில் பொது நிர்வாகப் பிரிவின் தலைவர். பத்தொன்பது வருட சர்வீஸ். ஒரு மெமோகூட வாங்கியதில்லை.

வாரியத்துக்கு உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் ஒருவர்தான் தலைவர். யோமைத் தலைவராக நியமித்தவர் பழைய ஆளுநர். தேர்தல் முடிந்து புதிய ஆளுநர் வந்ததும், பதவியை விட்டுப் போகும்படி யோமுக்கு ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஜாடை அவருக்குப் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருந்தார். பதவிக்காலம் இன்னும் இருபது மாதம் பாக்கி இருந்தது. பிறகு தணிக்கைக்காரர்கள் வந்து காரணம் கண்டுபிடித்தார்கள். அவர் அலுவலகக் காரில் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போயிருக்கிறார், ஒன்பது தடவை. பொய் இல்லை. அந்தக் காரை ஒழுங்கு செய்து கொடுத்ததே நான்தான்.

தலைவரை நீக்க வேண்டுமானால் வாரியம் கூடித் தீர்மானம் போட வேண்டும். ஏழு பேரில் நாலு பேராவது நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் தீர்மானம் போட்டார்கள். யோம் போனார். மார்ச்சில் நியமன உத்தரவோடு ரியூ மேடம் வந்தார். ஏப்ரல் கடைசியில் யோம் நீதிமன்றத்தில் ஸ்டே வாங்கிவிட்டார். தீர்ப்பு வரும்வரை அவரை நீக்கிய உத்தரவு செல்லாது. அப்படியானால் ரியூ மேடத்தின் நியமனம்? அதைப் பற்றி நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்டிருக்கவும் இல்லை.

ஆக ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் வாசலில் இரண்டு தலைவர்களின் கார்கள் வந்து நின்றன.

யோம் தன் செருப்புகளைக் காகிதப் பையில் கொண்டுவந்திருந்தார், அலுவலகத்துக்குள் போட்டுக்கொள்ளும் அந்தப் பழைய செருப்புகளை. முதல் மாடியில் அவருடைய அறையில் ரியூ மேடம் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது மாடியில் பழைய வரைபடங்கள் வைத்திருந்த அறையைக் காலி செய்து யோமுக்குக் கொடுத்தேன். மேஜை போட்டேன். கறுப்பு அரக்கில் சிப்பி எழுத்துப் பதித்த பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுத்தேன். கடைக்காரர் போனில் தயங்கினார்.

"சார், இதே பதவிக்குப் போன மாசம்தானே ஒண்ணு செஞ்சு குடுத்தேன்? உடைஞ்சு போச்சா?"

"உடையல. இன்னொண்ணு வேணும்."

"ஒரு வீட்ல ரெண்டு மாமியாரா? ஐயோ பாவம் சார் நீங்க" என்று சிரித்தார்.

அவர் ஒருவர்தான் எனக்காக வருத்தப்பட்டவர்.

வாரியத்தின் சதுர முத்திரை என் அறை இரும்புப்பெட்டியில் இருக்கும். அது பதியாமல் எந்த உத்தரவும் உத்தரவு ஆகாது. ரியூ மேடம் அனுப்பும் காகிதத்தில் நான் முத்திரை குத்தினால் யோமின் வக்கீலுக்கு அது குற்றம். யோம் அனுப்பும் காகிதத்தில் குத்தினால் ரியூ மேடத்தின் வக்கீலுக்கு அது குற்றம். குத்தாமல் விட்டால் கடமை தவறியதாக இருவருமே சொல்வார்கள். 'என் அனுமதி இல்லாமல் முத்திரையைப் பயன்படுத்துவது தண்டனைக்குரியது' என்று இருவரிடமிருந்தும் ஒரே நாளில் கடிதம் வந்தது. இரண்டுக்கும் அடுத்தடுத்த எண் போட்டுக் கோப்பில் வைத்தேன். என் அறை இரண்டாவது மாடி. மேலே ஒருவர், கீழே ஒருவர். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. சில நாள் நான் அங்கேயே அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். அங்கே நிற்கும்போது நான் யாருடைய மாடியிலும் இல்லை.

பேராசிரியர் பாங் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய ஜின்செங் மூலிகை டப்பா உண்டு. அதற்குள் ஆறு சின்ன மர முத்திரைகள். சாவிக்கு நகல் எடுக்கும் கடையில் ஐந்து நிமிடத்தில் செதுக்கித் தருவார்களே, அந்த ரகம். ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பினரின் பெயர். கூட்டம் முடிந்து நடவடிக்கைக் குறிப்பு டைப் ஆகி வருவதற்குள் உறுப்பினர்கள் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? அதனால் அவர்களே முத்திரையை எங்களிடம் கொடுத்துவைத்திருந்தார்கள். "நீங்களே குத்திடுங்க." இதை நான் ஆரம்பிக்கவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் டப்பாவை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவருக்கு முன்னால் இருந்தவர் அவரிடம். வர முடியாதவர்கள் போனில் சரி என்றால் வந்ததாகக் குறித்துக்கொள்வதும் உண்டு. எல்லா அலுவலகத்திலும் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் தேடிப் பாருங்கள், ஒரு டப்பா இருக்கும்.

பிப்ரவரி பன்னிரண்டு, காலை பத்து மணிக் கூட்டம். அவரை நீக்கும் தீர்மானம் என்பதால் யோமுக்கு வாக்கு இல்லை. அவருடைய பழைய நண்பர்கள் இருவர் வரவில்லை. ஆளுநர் பக்கத்து ஆட்கள் மூவர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது ஆள் வேண்டும். மிச்சம் இருந்தவர் பாங் மட்டும்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை செய்தேன். பத்தரைக்கு ஆளுநர் அலுவலகத்திலிருந்து எனக்குப் போன். "முடிஞ்சுதா?" என்றது குரல். "முடியப் போகுது" என்றேன். பதினோரு வருடமாக வாரியத்தில் இருக்கும் பாங் எந்தத் தீர்மானத்துக்கும் மறுப்புச் சொன்னதில்லை. "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும் தம்பி, குத்திடு" என்பதுதான் எப்போதும் அவர் பதில். நான் டப்பாவைத் திறந்தேன். மர முத்திரையை வாய்க்கு அருகில் கொண்டுபோய் ஒருமுறை மூச்சு விட்டேன், மை நன்றாகப் பிடிக்கட்டும் என்று. குத்தினேன். வந்திருந்த உறுப்பினர்கள்: நான்கு.

மாலை நாலு மணிக்கு அவரே கூப்பிட்டார். "தம்பி, போன் பண்ணியிருந்தியா? இடது கண்ணு ஆபரேஷன். காலையில பத்து மணிக்கு உள்ள தள்ளிட்டாங்க. போனை நர்ஸ் வாங்கி வெச்சிடுச்சு. கூட்டம் என்னாச்சு?"

"முடிஞ்சுது சார்."

"சரி" என்றார். அவர் மேலே கேட்கவில்லை. நான் மேலே சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. சொல்லும்படி எதுவும் நடந்ததாக எனக்கு அன்று தோன்றவில்லை.

அக்டோபரில் யோமின் வக்கீல் விரிவான மனு ஒன்று தாக்கல் செய்தார். நீக்கம் செல்லாது என்பதற்கு ஐந்து வாதங்கள். ஐந்தாவது வாதம்: கூட்டத்துக்கு நாலு பேர் வரவில்லை, பாங் அங்கே இல்லை. பாங்கைச் சாட்சியாக அழைத்து விசாரிக்க வேண்டும். நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி என்று நீதிமன்றம் நாள் குறித்தது.

அடுத்த நாள் பதினொன்றரைச் சாப்பாட்டில் யோம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நம்குங், அன்னிக்கு பாங் வந்தாரா?"

"பதிவுல இருக்கு சார்."

"பதிவுல என்ன வேணா எழுதலாம்யா. எங்க தாத்தா பதிவுப்படி அவர் பொறந்ததுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ஆளு வந்தாரா?"

நான் முள்ளங்கிக் கிம்ச்சியை மென்றேன். நீண்ட நேரம் மெல்லக்கூடிய பொருள் அது.

"நீயா செஞ்சிருக்க மாட்டே. எவனோ சொல்லிச் செஞ்சிருப்பே. கோர்ட்ல உண்மையைச் சொல்லிடு. அதுக்கப்புறம் உன்னை நான் பாத்துக்குறேன்." என் தோளைத் தட்டினார். மனைவியின் உடல்நிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். அவர் கெட்டவர் இல்லை.

பன்னிரண்டரைக்கு ரியூ மேடம் குளிர் நூடுல்ஸில் கடுகு விழுதைக் கலந்துகொண்டே சொன்னார்: "பாங் சார்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கிடுங்க நம்குங் சார். 'நான் வந்திருந்தேன், ஒத்துக்கிட்டேன்'னு. மத்த மூணு பேரும் அவர் ஜன்னல் பக்கமா உக்காந்திருந்தார்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"அவர் எழுதலைன்னா மேடம்?"

"எழுதலைன்னா, அந்த முத்திரை காகிதத்துல எப்படி வந்துச்சுன்னு நான் போலீஸுக்கு எழுதியாகணும். தலைவரா அது என் கடமை இல்லியா?" பிறகு என் கிண்ணத்தைப் பார்த்தார். "ஏன், கடுகு பத்தலையா?"

நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும். உண்மையைச் சொன்னால் ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தவன் என்று எனக்குச் சிறை. யோம் வந்து பார்த்துக்கொள்வார், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. பொய் சொன்னால் பாங் வந்து சாட்சிக் கூண்டில் நிற்கும் வரைக்கும்தான் அது தாங்கும். மேலே போனாலும் சிறை, கீழே போனாலும் சிறை. ஜன்னல் பக்கத்தில் எத்தனை நேரம் நிற்பது?

பாங்கைப் பார்க்கப் போனேன். வயது எழுபத்தாறு. நீரியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. சின்வொல் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியில் தனியாக இருந்தார். ஆபரேஷன் செய்த இடது கண்ணில் பனிமூட்டம் மாதிரித்தான் தெரிந்தது. வலது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. கத்தியைப் பார்க்காமலே, விரலால் தடவித் தடவி எனக்கு ஒரு சீமைப்பனிச்சம்பழம் தோல் சீவிக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஆக, அங்க நான் மேஜையில மல்லாந்து கெடக்குறப்பவே இங்க வந்து ஒருத்தனைப் பதவியவிட்டுத் தூக்கியிருக்கேன். பலே ஆளுதான் நான்."

"சார், ரெண்டே வரி. நான் எழுதிட்டு வந்திருக்கேன்."

"படி."

படித்தேன்.

"யோம் நல்லவனா கெட்டவனான்னு எனக்குத் தெரியாது தம்பி. அவனை அனுப்பணுமா வேணாமான்னு நான் யோசிக்கவே இல்ல. யோசிக்காத ஒண்ணை யோசிச்சு முடிவு பண்ணேன்னு எப்படிச் சொல்றது? பாதி மாகாணம் குடிக்கிற தண்ணி விஷயம்."

"எனக்கு ஜெயில் சார்."

"முத்திரையை உன்கிட்டக் குடுத்து வெச்சவன் நான்தானே? அதையும் சேத்தே சொல்றேன். ரெண்டு பேருமாத் திட்டு வாங்குவோம். எனக்கு வயசாச்சு, கொஞ்சம் மெதுவாத் திட்டுவாங்க. நீ என் பின்னாடி நின்னுக்கோ."

அவர் என் மேல் கோபப்பட்டிருந்தால் நான் வேறு வழி யோசித்திருக்கலாம். அந்த மனிதருக்குக் கோபமே வரவில்லை. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "வியாழக்கிழமை நீயே காரை எடுத்துட்டு வந்துடேன். பஸ் நம்பர் தெரிய மாட்டேங்குது" என்றார்.

வருகிறேன் என்றேன்.

அவர் தினமும் காலை ஆறேகாலுக்கு நீர்த்தேக்கக் கரையில் நடப்பார், ஒரு கையில் கோல். அடுத்த நாளிலிருந்து நானும் போனேன். ஒன்பது நாள் நடந்தோம். வழக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்றாம் நாள் கோலை வீட்டிலேயே வைத்துவிட்டு என் இடது கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். "இது கோலைவிட சௌகரியம். கேள்வி கேட்டா பதில் சொல்லுது" என்றார். கரையில் எங்கே குழி, எங்கே கல், எத்தனை படி என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். ஒரு தடவைகூட அவர் தடுக்கியதில்லை. நான் எதையும் கவனமாகச் செய்கிறவன்.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. உறைபனி விழுந்திருந்தது. நீரேற்றுக் கோபுரத்தின் அடியில், தண்ணீரோடு ஒட்டி ஒரு மேடை உண்டு. அங்கே நீர்மட்டம் காட்டும் ஒரு பித்தளை அளவுகோல். இளம் வயதில் அவரே நின்று பதித்தது. தினமும் அந்தப் பக்கம் வரும்போது அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். அங்கே பொதுமக்கள் போக முடியாது. கம்பிக் கதவு, அட்டையைக் காட்டினால் திறக்கும். என்னிடம் அட்டை இருந்தது.

"கீழ போய்த் தொட்டுப் பாக்கலாமா சார்?" என்று கேட்டது நான்தான்.

"உள்ள விடுவாங்களா?" என்றார். குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார்.

இறங்கினோம். அவர் விழுந்தார். தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தது. நான் அவரைத் தள்ளவில்லை. முதல் நாளே உங்களிடம் இதைச் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

இறுதிச்சடங்கு ஏற்பாடுகள் எல்லாம் நான்தான். சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை. மண்டப வாசலில் இரண்டு பெரிய மலர்வளையங்கள் அருகருகே நின்றன. இரண்டிலும் ஒரே ரிப்பன், ஒரே எழுத்து: 'உன்சொங் மாகாணக் குடிநீர் வாரியத் தலைவர்'. இரண்டையும் ஒரே உயரத்தில், ஒரே அளவு பூவோடு ஆர்டர் செய்திருந்தேன். யோமும் ரியூ மேடமும் வந்தார்கள். இருவரும் படத்துக்கு முன்னால் வணங்கினார்கள். பிறகு எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து காரமான மாட்டிறைச்சி சூப் சாப்பிட்டார்கள். நான் எந்த மேஜையில் உட்காருவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்று செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். யோம் போகும்போது என் கையைப் பிடித்தார். "கடைசி வரைக்கும் கூட இருந்தியாமே. பெரிய மனசுய்யா உனக்கு."

ரியூ மேடம் கையுறையைப் போட்டுக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்தார். அதன் பிறகு அவர் என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் பாங்கின் பெயரைக் கூப்பிட்டார்கள். காலமாகிவிட்டார் என்று வக்கீல் சொன்னார். நீதிபதி குறித்துக்கொண்டார். ஆபரேஷன் தேதியை வாரியத்தில் அறிந்தவர்கள் இருவர்தான், அவரும் நானும். இனி காகிதத்தில் இருப்பது நான்கு என்றால் அது நான்குதான். அன்று மாடிப்படி ஜன்னல் பக்கம் நிற்காமல் நேராக என் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக மூச்சு விட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அலுவலகத்தில் முதலில் படித்தவன் நான். யோமை நீக்கியது செல்லாது. காரணம் முதல் வாதம்: நீக்குவதற்கு முன்னால் அவருக்கு நோட்டீஸ் கொடுக்கவில்லை, அவர் தரப்பைக் கேட்கவில்லை. அது ஒன்றே போதும் என்றார் நீதிபதி. அதற்கு அடுத்த வரியை நான் பதினைந்து தடவை படித்திருப்பேன். 'மற்ற வாதங்களை மேற்கொண்டு ஆராய வேண்டிய அவசியம் இல்லை.'

அவசியம் இல்லையாம். ஐந்தாவது வாதத்தை நீதிமன்றம் தொடவே இல்லை. யார் வந்தார், யார் வரவில்லை, முத்திரை யாருடையது, எதையும் கேட்கவில்லை. பாங் வந்து சொல்லியிருந்தாலும் தீர்ப்பு இதேதான். என்ன சொல்லியிருந்தாலும் இதேதான். எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. நீதிமன்றம் வாதங்களை வரிசைப்படி முன்பே பார்த்திருந்தால் எல்லோருக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.

நீங்கள் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். கம்பிக் கதவில் என் அட்டை பதிந்த நேரம் 6.31. அவசர உதவிக்கு நான் 119-ஐ அழைத்த நேரம் 7.20. இடையில் நாற்பத்தொன்பது நிமிடம் என்ன செய்தாய் என்கிறீர்கள்.

விபத்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். காரில் உட்கார்ந்து, வாரியத்தின் படிவம் எட்டில். ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்பது விதி. விபத்து நேரம் 7.15 என்று போட்டேன். அந்த ஒரு எண்தான் தவறு, மற்றதெல்லாம் சரி. அவர் சத்தம் போட்டாரா என்று கேட்டீர்கள். போட்டார். என் பெயரைச் சொல்லித்தான். காரின் கண்ணாடியை ஏற்றியிருந்தேன். குளிர்.

மேடையில் நடந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள். இதை ஒரே தடவைதான் சொல்வேன். மேடையின் தண்ணீர்ப் பக்கக் கைப்பிடியை வண்ணம் பூசுவதற்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தக் கோப்பு என் மேஜை வழியாகத்தான் போனது. படிகள் மொத்தம் பதினாலு. பதினாலையும் நானே எண்ணிச் சொல்லி இறக்கினேன். மேடைக்கு வந்துவிட்டோம். அளவுகோல் எங்கள் வலது பக்கம், கை நீட்டும் தூரத்தில். எதிரே தண்ணீர். அவர் நின்றார். பனியில் அவர் மூச்சு புகையாக வந்தது. காலால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை படி தம்பி?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் அவசரப்படவில்லை. வியாழக்கிழமையைப் பற்றி ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அவர் சாட்சிக் கூண்டில் நிற்பதும், நான் பின்னால் நிற்பதும் தெரிந்தது. என் கையை மெதுவாக அவர் பிடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். எடுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்று, "கையுறையை மாட்டிக்கிறேன் சார்" என்றேன். பிறகு அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"நேரா இன்னும் ரெண்டு படி சார்."

அவர் நம்பிக் காலை எடுத்து வைத்தார். நான் தள்ளவில்லை என்று ஏன் சொல்கிறேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு கேள்விக்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொன்னேன், அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக அதுதான் என் வேலை.

இதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சோளத் தேநீர் சூடாகக் கொடுத்தீர்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வேறொரு விஷயத்தில் உங்கள் உதவி எனக்கு வேண்டும். நேற்று இந்தக் காவலறைக்கு ஒரு தபால் வந்தது. யோம் இப்போது முழுத் தலைவர். தன் நியமனம் ரத்தானது செல்லாது என்று ரியூ மேடம் வழக்குப் போட்டிருக்கிறாராம், அது தனி. யோம் கையெழுத்துப் போட்ட முதல் உத்தரவு என்னைப் பணியிலிருந்து நீக்கும் உத்தரவு. ஒரே ஒரு பக்கம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடி ஒருமனதாக முடிவு செய்ததாம்.

எங்கள் பணி விதிகளை எழுதியவர்களில் நானும் ஒருவன். குழு கூடுவதற்கு ஏழு நாள் முன்னால் சம்பந்தப்பட்டவருக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அவர் நேரிலோ கடிதத்திலோ தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். எனக்கு எந்த நோட்டீசும் வரவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாதா? மாகாணத்தில் எல்லாப் பத்திரிகையும் போட்டிருக்கிறதே. இதே காரணத்தைச் சொல்லி நாற்காலியைத் திரும்ப வாங்கிய மனிதர் இதே தவறைச் செய்கிறார்.

ஸ்டே கேட்டு மனு எழுதிவிட்டேன். நீங்கள் கொடுத்த காகிதத்தின் பின்பக்கத்தில்தான் எழுதினேன், மன்னிக்கவும். இதில் எனக்குத்தான் வெற்றி, சந்தேகமே இல்லை. பாங் விஷயத்தில் என்ன தண்டனை என்பது வேறு, அதை அந்த நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது நியாயத்தை மட்டும். ஒரு மனிதன் வாயைத் திறந்து நடந்ததைச் சொல்வதற்கு முன்னாலேயே அவனை அப்புறப்படுத்துவது எந்த ஊர் முறை? நீங்களே சொல்லுங்கள்.